நாமும் நாங்களும்

ரொக் இசை என்றதும் முகஞ்சுளிப்பது நம்மிடையே முற்போக்காளர் பலருக்குப் பழகிப்போன ஒன்று. ஏகாதிபத்தியத்தின் சீரழிந்த கலாசாரம் என ஒரே வாக்கியத்தில் தீர்ப்புக் கூறிவிட்டு அப்பால் நகர்ந்துவிடுவர். மரபிசையின் காவலர்களோ அதே தீர்ப்பை வேறு காரணங் காட்டி வழங்குவர். இவ்விரு திறத்தாரும் ஒரே பாயில் அமர்ந்திருப்பதைக் காணும்போதாவது நமக்குச் சிறிது ஐயம் பிறத்தல் வேண்டாமா?

கொட்டாஞ்சேனைத் தேவாலயங்களின் திருநாள் இரவுகளிலும் வெள்ளவத்தைக் கலியாண மண்டபங்களிலும் கிற்றாரும் டிறம்ஸும் சுமந்து திரியும் இளைஞர் குழுக்களை நாம் அறிவோம். அவர்களுட் பலர் நமது வகுப்பறைகளிலிருந்து சென்றவர்கள். கலாசாரச் சீரழிவு பற்றிய நமது சொற்பொழிவு அவர்களுக்கு வேண்டியதில்லை. அவர்களை உண்மையாகவே வருத்தும் வினா வேறு. நால்வர் ஐவர் சேர்ந்து தொடங்கிய குழுவுக்கு நல்ல வாய்ப்பொன்று வருகின்றது. இன்னாரை விட்டுவிட்டு வந்தால் வாய்ப்பு உறுதி என்கிறார் அதனைக் கொணர்ந்தவர். விலக்கப்பட வேண்டியவன் கெட்டவனல்லன். முதல் நாள் தொட்டு உடனிருந்தவன். ஒத்திகைக்குத் தன் வீட்டு விறாந்தையைத் தந்தவன். அவனை விடுவதா, வாய்ப்பை விடுவதா?

இவ்வினா இசைக்குழுவோடு நின்றுவிடுவதன்று. நாடக மன்றமும் தொழிற்சங்கமும் அரசியற் கட்சியும் என்றோ ஒருநாள் இதனை எதிர்கொண்டே தீர்கின்றன. எனினும் ஓர் இசைக்குழுவை வைத்தே இதனை ஆராயப் புகுகின்றோம். அக்குழு 'பீற்றில்ஸ்'. அதன் தோற்றமும் உயர்ச்சியும் ஏறக்குறைய நாள்வாரியாகப் பதிவாகியுள்ளன என்பது ஒரு காரணம். அக்குழு உயர்ந்தபோது இறக்கிவிடப்பட்ட மனிதர் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர் என்பது இன்னொரு காரணம். அவர் பிறந்த ஊர் சென்னை.

வரலாற்றுக்குள் நுழையுமுன் ஒரு சொல்லைக் கையில் எடுத்துக்கொள்வோம். தன்மைப் பன்மைக்கு ஆங்கிலத்திலே ஒரு சொல்தான் உண்டு. சிங்களத்தின் 'அபி' என்பதும் அவ்வாறே. தமிழிலோ இரண்டு. கேட்பவனையும் உள்ளடக்கிப் பேசினால் 'நாம்'. அவனை வெளியே நிறுத்திப் பேசினால் 'நாங்கள்'. முன்னையதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர் இலக்கண ஆசிரியர். இதனைக் கொண்டு மொழிப்பெருமை பேச நாம் முற்படவில்லை. இரண்டு சொற்களை வைத்திருந்த சமுதாயம் அவற்றை நேர்மையாகவே கையாண்டது என்பதற்குச் சான்றில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், உள்ளே வழிபட வந்த மக்களைத் தடுத்து நின்றோரும் நல்ல தமிழ் பேசியோரே. ஆயினும் ஒரு கூட்டத்தின் அறநிலையை அளப்பதற்கு இவ்வேறுபாடு ஏற்றதோர் அளவுகோலாகும். எந்தக் கணத்திலே 'நாம்' என்பது 'நாங்கள்' ஆயிற்று, அதனை ஆக்கியவர் யார், வெளியே நின்றவனுக்கு அது எவ்வாறு அறிவிக்கப்பட்டது என்று கேட்டால் போதும். பல மூடுமந்திரங்கள் கலைந்துவிடும்.

1950களின் நடுப்பகுதியில் பிரித்தானிய இளைஞரிடையே 'ஸ்கிபிள்' என்னும் எளிய இசை பரவிற்று. அதற்குப் பணம் வேண்டியதில்லை. மலிவான கிற்றார் ஒன்று, துணி தோய்க்கும் தகரப்பலகை ஒன்று, தேயிலைப் பெட்டி ஒன்று. பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு தடியை நிறுத்திக் கயிறு கட்டி இழுத்தால் அடித்தள நாதம் பிறக்கும். லிவர்பூல் நகரில் ஜோன் லெனன் என்னும் பள்ளி மாணவன் தொடங்கிய 'குவொறிமென்' குழுவிலும் இத்தகைய தேயிலைப் பெட்டி இருந்தது. இலங்கையினதும் இந்தியாவினதும் தேயிலை அத்தகைய பெட்டிகளிலேதான் கப்பலேறிற்று. மலையகத்துப் பெண்ணொருத்தி பறித்த கொழுந்தை இறக்கிய பின், எஞ்சிய வெறும் பெட்டி அங்கு ஒரு சிறுவனுக்கு வாத்தியமாயிற்று. அவளை அவன் அறியான். அஃது அவன் குற்றமுமன்று. ஆனால் அப்பெட்டியை நிரப்பிய மக்களை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்நாட்டின் 'நாம்' என்பதிலிருந்து ஏலவே வெளியேற்றியிருந்தது என்பதை இவ்விடத்திற் குறிப்பிடாது செல்ல நமக்கு மனம் வரவில்லை.

1957 யூலை 6ஆம் திகதி ஒரு தேவாலய விழாவில் லெனனைப் போல் மக்கார்ட்னி சந்தித்தார். அடுத்த ஆண்டிலே ஜோர்ஜ் ஹரிசன் வந்து சேர்ந்தார். குழுவுக்கு நிலையான டிறம்ஸ்காரர் இல்லை. பாடுவதற்கு நிலையான இடமும் இல்லை. இடத்தைக் கொடுத்தவர் ஒரு பெண்மணி. மோனா பெஸ்ற் டில்லியிலே பிறந்தவர்; சென்னையிலே 1941 நவெம்பர் 24ஆம் திகதி அவருக்கு பீற் என்ற மகன் பிறந்தான். போர் முடிந்த 1945இல் குடும்பம் லிவர்பூலுக்குக் கப்பலேறிற்று. அங்கே மோனா தமது நகைகளை அடகு வைத்து, 1954ஆம் ஆண்டின் டேர்பிப் பந்தயத்தில் 'நெவர் சே டை' என்ற குதிரைமீது 33க்கு 1 என்ற விகிதத்திற் பணங் கட்டி வென்று, அப்பணத்தின் துணையோடு பெரியதொரு வீட்டை வாங்கினார் என்பது அக்குடும்பத்தின் கதை. (பந்தயப் பித்துப் பிடித்த கொழும்பிலே இக்கதையை நம்பாதார் இரார்.) அவ்வீட்டின் நிலவறையில் 1959 ஓகஸ்ட் 29ஆம் திகதி இளைஞருக்காக 'காஸ்பா' என்ற கோப்பிக் கழகத்தை அவர் திறந்தார். சுவருக்கு வண்ணம் பூச உதவியவர்களும், முதலிரவில் அங்கு பாடியவர்களும் குவொறிமென் குழுவினரே.

1960 ஓகஸ்டிலே ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்திலிருந்து வேலை வந்தது. டிறம்ஸ்காரர் இல்லாமற் போகமுடியாது. பீற் பெஸ்ற்றிடம் சொந்தமாக டிறம்ஸ் இருந்தது, உடன் சென்றார். அங்கே நாளொன்றுக்கு நாலரை மணித்தியாலம், வார இறுதியில் ஆறு மணித்தியாலம் என்று பாடவேண்டியிருந்தது. உறங்குவதற்குக் கிடைத்த இடம் ஒரு பழைய திரைப்படக் கொட்டகையின் பின்னறை, கழிப்பறைக்கு அருகே. கப்பலோட்டிகளும் குடிகாரரும் நிறைந்த அவ்வட்டாரத்தில் இரவிரவாகப் பாடியே அவர்கள் தொழிலைக் கற்றனர். மேதைமை வானிலிருந்து இறங்கியது என்று எழுதும் விமர்சகர் இந்த மணிக்கணக்கைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. அந்த மணிகளில், மூன்று பயணங்களிலும், பின்னாலிருந்து தாளத்தைச் சுமந்தவர் பீற்.

1961 நவெம்பரில் இசைத்தட்டு வணிகர் பிறயன் எப்ஸ்ரைன் குழுவைக் கண்டு அதன் முகாமையாளரானார். 1962 ஜனவரி முதலாந் திகதி டெக்கா நிறுவனம் நடத்திய தேர்வில் அவர்கள் தேறவில்லை. யூன் மாதத்தில் மற்றொரு நிறுவனத்தின் தயாரிப்பாளரான ஜோர்ஜ் மார்ட்டின் அவர்களை ஏற்றார்; ஆயினும் ஒலிப்பதிவுக்கு இந்த டிறம்ஸ் போதாது, வேறொருவரைக் கூலிக்கு அழைத்துக்கொள்ளலாம் என்றார். குழுவிலிருந்து ஆளை நீக்குமாறு அவர் கேட்கவில்லை. ஓகஸ்ட் 16ஆம் திகதி எப்ஸ்ரைன் பீற் பெஸ்ற்றைத் தம் அலுவலகத்துக்கு அழைத்து, மற்றைய மூவரும் அவரை வேண்டாமென்கின்றனர் என்று அறிவித்தார். மூவரில் ஒருவரும் அங்கு வரவில்லை. இரண்டு நாளில் றிங்கோ ஸ்ரார் அவ்விடத்தில் அமர்ந்தார். ஒக்ரோபர் 5ஆம் திகதி முதலாவது இசைத்தட்டு வெளிவந்தது. 1964 பெப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியிலே அவர்களைக் கண்டோர் ஏழு கோடிக்கு மேல்.

இனி வழக்கை விசாரிப்போம்.

பீற்றில்ஸ் செய்தது சரியே என்போரின் வாதம் வலிமையானது, அதனைக் கொச்சைப்படுத்தலாகாது. றிங்கோ மேலான தாளக்காரர் என்பதில் இசை அறிந்தோர் பெரும்பாலும் உடன்படுவர். அவர் வந்திராவிடின் அப்பாடல்கள் அவ்வாறு அமைந்திரா. ஒருவருடைய மனவேதனை ஒரு தட்டில். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பெற்ற இன்பம் மறு தட்டில். கலை தர்மசத்திரமன்று. நட்புக்காகத் தாளம் பிசகுவதைச் சகிக்க வேண்டுமெனில் அது கேட்போருக்கு இழைக்கும் துரோகமாகும்.

இவ்வாதத்தின் முற்பகுதியை நாம் ஏற்கின்றோம். செயலின் தேவை ஒருவரை வேண்டாது போகலாம். நடிக்கத் தெரியாத தோழனுக்குத் தலைமைப் பாத்திரம் கொடுத்து நாடகத்தைக் கெடுப்பது தோழமையன்று. நமது முற்போக்கு மேடைகள் சில அவ்வாறு கெட்டதையும் கண்டிருக்கின்றோம். ஆனால் பிற்பகுதியில் ஒரு மோசடி உண்டு. இனிமேல் என்ன தேவை என்ற கேள்விக்குரிய விடையைக் கொண்டு, இதுவரை என்ன கொடுக்கப்பட்டது என்ற கேள்வியை அவ்வாதம் மூடிவிடுகின்றது. இரண்டும் வெவ்வேறு கணக்குகள். தொழிற்சாலைக்குப் புதிய இயந்திரம் வரும்போது முதலாளி கூறுவதும் இதே நியாயந்தான்: உற்பத்திக்கு நீ தேவையில்லை, ஆகையால் உனக்குத் தரவேண்டியதும் ஒன்றில்லை. இந்த 'ஆகையால்' என்ற சொல்லை எதிர்த்தே தொழிலாளர் போராடினர். நம் நாட்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், வேறென்ன கூறுகின்றது? வேலையை விட்டு ஒருவன் வெளியேறலாம். அவன் செய்த வேலை அவனோடு வெளியேறி மறைந்துவிடுவதில்லை என்பதையன்றோ? கொழும்பிலே ஒரு கடைச் சிப்பந்திக்கு உள்ள இந்த நியாயம் ஒரு கலைஞனுக்கு இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்?

எனவே பிரிவது வேறு, துடைத்தழிப்பது வேறு. பீற் பெஸ்ற்றைப் பிரிந்ததை நாம் குற்றமாகக் கொள்ளவில்லை. ஈராண்டு உடனிருந்தவனின் முகத்தைப் பாராமல், முகாமையாளரின் வாயால் அதைச் சொல்வித்ததே குற்றம். தாயின் நிலவறையும் மகனின் ஈராண்டு இரவுகளும் ஒரு பிற்பகலில் பூச்சியமாகிவிட்டன. கைகள் மாறியதைத் தேவை என்று சொல்லலாம்; மூவரும் வராமல் ஒளிந்துகொண்டமைக்குத் தேவை எதுவுமில்லை. அங்கேதான் 'நாம்' 'நாங்கள்' ஆயிற்று.

இவ்விடத்தில் நமது வாசகர் ஒருவர் அவசரப்பட்டு, இது ஏழையைப் பணக்காரர் உதைத்த கதை என்று முடிவுகட்டிவிடக்கூடும். வரலாறு அவ்வளவு வசதியாக அமைந்திருக்கவில்லை. பெரிய வீட்டுப் பிள்ளை பீற் பெஸ்ற். நால்வரில் மிக வறிய சூழலிலிருந்து வந்தவர் றிங்கோவே. லிவர்பூலின் டிங்கிள் என்னும் தொழிலாளர் குடியிருப்பிலே பிறந்து, ஆறாவது வயதிலும் பின்னர் காசநோயாலும் நெடுங்காலம் ஆஸ்பத்திரியிற் கிடந்து, பள்ளிப்படிப்பை இழந்து, தொழிற்சாலையில் வேலை பழகியவர். தாளம் தட்டக் கற்றதே ஆஸ்பத்திரிக் கட்டிலில். அவருக்கு வாய்த்த உயர்ச்சியைக் கண்டு நாம் மகிழ்கின்றோம். ஆகவே அறக்கணக்கை வர்க்கக் கணக்கின் ஒரு வரியாகச் சுருக்கிவிடும் சோம்பேறித்தனம் இங்கு உதவாது.

வேடிக்கை இன்னும் உண்டு. றிங்கோ வந்த நான்காவது கிழமையிலே, செப்ரெம்பர் 11ஆம் திகதி ஒலிப்பதிவுக்குச் சென்றபோது அவருடைய வாசிப்பும் போதாதெனக் கருதப்பட்டது. அன்டி வைற் என்ற கூலிக் கலைஞர் டிறம்ஸில் அமர, றிங்கோவின் கையில் ஒரு கஞ்சிரா போன்ற கருவியைக் கொடுத்தனர். முதலாவது நீள் இசைத்தட்டில் உள்ள 'லவ் மீ டூ' பாடலில் ஒலிப்பது அன்டி வைற்றின் தாளம். அதற்கு அவர் பெற்றது அன்றைய கூலி மட்டுமே. அத்தட்டு எத்தனை இலட்சம் விற்றாலும் அதற்குமேல் ஒரு சதமும் அவருக்கு உரித்தன்று. ஒருவரை நீக்கியவர்கள் இன்னொருவரை நம்பாமல் மூன்றாமவரை வாடகைக்கு எடுத்தனர். யாருடைய தாளம் வேண்டும் என்பதைத் தீர்மானித்தது நால்வருமல்லர். இரண்டரை நிமிடப் பண்டத்தைக் குறித்த நேரத்தில் முடித்துக் கொடுக்கவேண்டிய கலையகம்.

உயர்ந்தவர்கள்தாமும் எவ்வளவைப் பெற்றனர்? முதல் ஒப்பந்தத்தின்படி, விற்கும் ஒற்றைத் தட்டொன்றுக்கு ஒரு பென்னி; அதனையும் நால்வரும் முகாமையாளரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பாடல்களின் பதிப்புரிமையை ஆள 1963இல் அமைக்கப்பட்ட நிறுவனம் 1969இல் பிறர் கைக்குப் போயிற்று. 1985இல் மைக்கல் ஜாக்சன் அதனை உள்ளடக்கிய தொகுதியை 4 கோடி 75 இலட்சம் டொலருக்கு வாங்கினார். தாம் எழுதிய பாட்டு தமக்குச் சொந்தமின்றிச் சந்தையில் விலைபோவதை மக்கார்ட்னி பார்த்துக்கொண்டிருந்தார். 1970 டிசெம்பர் 31ஆம் திகதி அவரே மற்றைய மூவருக்கும் எதிராக லண்டன் மேல் நீதிமன்றத்தில் வழக்கிட்டார். 1962இல் முகாமையாளரைக் கொண்டு பேசியவர்கள் 1970இல் சட்டத்தரணிகளைக் கொண்டு பேசினர். பழக்கம் ஒன்றுதான்.

இவர்கள் மனச்சாட்சி இல்லாதவர்களென்று கொள்வது அநீதி. 1964 செப்ரெம்பரில் அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரில், கறுப்பினத்தவரைப் பிரித்து இருத்தினால் பாடமாட்டோம் என்று உறுதியாகக் கூறினர். மறு ஆண்டின் ஒப்பந்தத்திலும் அந்நிபந்தனையை எழுதச் செய்தனர். அவர்களது முதல் நீள் தட்டின் பதினான்கு பாடல்களில் ஆறு பிறர் பாடியவை. அவற்றை முதலிற் பாடியவருட் பெரும்பாலோர் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர். அந்தக் கடனை அவர்கள் வாய்விட்டு ஒப்புக்கொண்டதும் உண்டு. முன்பின் அறியாத மக்களுக்காக 'நாம்' என்ற சொல்லை இவ்வளவு விரிக்கத் தெரிந்தவர்கள், உடனிருந்தோர் விடயத்தில் அதனைச் சுருக்கினர். தூரத்து நீதி எளிது. லிவர்பூலிலே 'லோட் வூட்பைன்' என அழைக்கப்பட்ட ஹரல்ட் பிலிப்ஸ் என்பவரை எத்தனை பேர் அறிவர்? திரினிடாட்டிலிருந்து 1948இல் 'எம்பயர் விண்ட்றஷ்' கப்பலிலே வந்த கலிப்சோப் பாடகர். புகழற்ற நாளில் அவ்விளைஞருக்குப் பாட இடமளித்தவர். 1960இல் ஹம்பேர்க்குக்கு அவர்களோடு ஒரே வாகனத்திற் பயணஞ் செய்தவர். பீற்றில்ஸின் கதையைச் சொல்லும் நூல்கள் பலவற்றில் அவருக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

மற்றொரு பிரித்தானியக் குழுவான 'றோலிங் ஸ்ரோன்ஸ்' இதனை இன்னும் வெளிப்படையாகவே செய்தது. அதில் முதன்முதலாகச் சேர்ந்தோருள் ஒருவரான பியானோக் கலைஞர் இயன் ஸ்ரூவட்டை, ஆறு பேர் அதிகம், அவர் தோற்றமும் பொருந்தாது என்று 1963இல் புதிய முகாமையாளர் மேடையிலிருந்து அகற்றினார். ஸ்ரூவட் போய்விடவில்லை, வாத்தியப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் பொறுப்பை ஏற்று, தேவைப்பட்டபோது பியானோவும் வாசித்து, 1985இல் இறக்கும்வரை உடனிருந்தார். அவருடைய பெருந்தன்மையை வியக்கலாம். ஆனால் ஒடுக்கப்பட்டவனின் பெருந்தன்மையை ஒடுக்கியவனின் நற்சான்றாகக் காட்டுவது ஆளும் வர்க்கத்தின் பழைய தந்திரம்.

கொழும்புக்கு வருவோம். 1950இல் இலங்கை வானொலி வர்த்தக சேவையைத் தொடங்கிய பின், மேற்கின் புதுப்பாடல்கள் லண்டனில் ஒலித்த சில நாளிலே நம் வீடுகளிலும் ஒலித்தன. மின்யோன் இரத்தினமும் ரொனி பெர்னாண்டோவும் முன்னின்ற 'ஜெற்லைனர்ஸ்' 1960களிலே தலைநகரின் மேடைகளை ஆண்டது. கிளரன்ஸ் விஜேவர்தனவும் அனெஸ்லி மாலேவனவும் 1966இல் அமைத்த 'மூன்ஸ்ரோன்ஸ்' சிங்களப் பாட்டுக்கு மின்கிற்றாரைக் கொணர்ந்தது. தமிழிலே நித்தி கனகரத்தினம் நம் கிராமத்துப் பேச்சைக் கிற்றாரோடு இணைத்துத் துள்ளிசைக்கு வழி திறந்தார். ஏ. ஈ. மனோகரன் அதனைக் கடல் கடந்து கொண்டுசென்றார். இவற்றின் அடியிலே பைலாவின் தாளம் ஓடிற்று. போர்த்துக்கேயரும் பின்வந்தோரும் கொணர்ந்த ஆபிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் புத்தளத்துப் பகுதியில் இன்னும் காத்துவரும் தாளத்தின் உறவு அது. பொலிஸ்காரராயிருந்த வொலி பஸ்தியன் சிங்களச் சொல்லமைத்து மேடையேற்றியது. அக்காலக் கொழும்பு மேடையிலே பறங்கியர், மலாயர், சிங்களவர், தமிழர் தோளோடு தோள் நின்றனர். எந்தச் சபையிலும் நிறைவேற்றப்படாத ஒரு 'நாம்' அங்கே இரவு பத்து மணிக்குமேல் நடைமுறையிலிருந்தது.

அதனை நாம் எவ்வாறு போற்றினோம்? மனோகரனுக்குப் 'பொப் இசைச் சக்கரவர்த்தி' என்று பட்டமளித்தோம். அவர் அதற்குத் தகுதியற்றவரென்று கூறவில்லை. ஆனால் கூட்டாகப் பிறந்த இசைக்கு நாம் கண்ட பட்டம் முடியாட்சிக் காலத்துப் பட்டம் என்பதைக் கவனிக்க. 'சுராங்கனி' பாட்டை எடுத்துக்கொள்வோம். சிங்களப் பைலாவாக இருந்து, மனோகரன் குரலில் தமிழ்கலந்து, 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழ்ப்படத்தில் இளையராஜாவின் இசையிலும் ஒலித்து, இந்தியாவின் பிற மொழிகளுக்கும் சென்றது. பாடியவரின் பெயர் நிலைத்தது. ஒலிப்பதிவுகளில் கிற்றார் மீட்டியவர், டிறம்ஸ் தட்டியவர், பின்குரல் கொடுத்தவர் யார் என்று அப்பாட்டை மனனமாகப் பாடும் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். இந்த மறதிக்கு மேற்கத்தியம் காரணமன்று. நாதசுவரக் கச்சேரியிலே சுருதி தாங்கி நிற்பது ஒத்து. அஃதின்றி இராகத்துக்கு நிலமில்லை. அக்கருவியை ஊதுபவனைக் கொண்டு தமிழன் ஆக்கிய மரபுத்தொடரோ இழிசொல். ஒத்தூதுபவன் என்று யாரையேனும் அழைத்துப் பாருங்கள், என்ன நடக்குமென்று!

அந்த மேடைகளின் 'நாம்' கலைந்த விதம் முகாமையாளர் அறையிலன்று. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தின் பின் பறங்கியர் பெருந்தொகையாக அவுஸ்திரேலியாவுக்குச் சென்றனர். 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தபின் தமிழர் வெளியேறினர். மனோகரன் சென்னையிலே வாழ்ந்து 2018 ஜனவரியில் அங்கேயே காலமானார். ஒருவர் சென்னையிலே பிறந்து லிவர்பூலில் இறக்கிவிடப்பட்டார். இன்னொருவர் கொழும்பிலே பாடிச் சென்னையிலே முடிந்தார். இரண்டையும் ஒன்றென்று கூறுவது பேதைமை. ஒன்றில் வேலை போயிற்று. மற்றதில் ஊர் போயிற்று. ஆயினும், இனி நீ எங்களோடு இல்லை என்ற செய்தியை நேரில் வந்து சொல்லாது வேறு யாரையோ கொண்டு சொல்விக்கும் வழக்கம் இரண்டிலும் உண்டு. 1983இல் அச்செய்தியை வாக்காளர் பட்டியல்களோடு வந்த காடையர் சொன்னார்கள்.

இடதுசாரிகளாகிய நாம் இதிலே கைகழுவ முடியுமா? வெள்ளவத்தை நூற்பு நெசவாலையில் 1933இல் நடந்த வேலைநிறுத்தத்தை நினைவுகூர்வோம். சிங்களத் தொழிலாளரும் மலையாளத் தொழிலாளரும் ஒன்றாக நின்றனர். மூத்த தொழிற்சங்கத் தலைவரான ஏ. ஈ. குணசிங்க அதற்கெதிராக நிற்க, கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் தொழிலாளர் பக்கம் நின்றனர். ஈராண்டு கழித்து 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது அந்த 'நாம்' என்பதிலிருந்தே. 1948இல் மலையக மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்தபோது பாராளுமன்றத்தில் எதிர்த்தவர்கள் அவர்கள். அதே கொல்வின் அமைச்சராயிருந்து வரைந்த 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக உறுதிசெய்து பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்தது. வாய்ப்பு வந்தது, ஒரு சாராரை விட்டுவிட்டு வந்தால் உறுதி என்றனர் கொணர்ந்தோர். நெசவாலை நின்ற நிலத்திலே இன்று ஹவ்லொக் சிற்றியின் மாடிக்கட்டடங்கள் எழுந்துள்ளன.

காலந்தாழ்த்திக் கணக்குத் தீர்க்க முடியுமா என்பது கடைசி வினா. பீற் பெஸ்ற் பாண் ஏற்றும் வேலை பார்த்து, பின் லிவர்பூலின் தொழில்வாய்ப்பு அலுவலகத்தில் அரச ஊழியராக ஏறத்தாழ இருபது ஆண்டு கடமையாற்றினார். வேலையிழந்து வந்தோருக்கு வேலை தேடிக் கொடுப்பதே அவர் வேலை. 1995இல் பீற்றில்ஸின் பழைய பதிவுகள் தொகுதியாக வெளிவந்தபோது, அவர் தாளந் தட்டிய சில பாடல்களும் அதில் இடம்பெற்றன; முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின் அவருக்கு உரிமைப்பணம் வந்தது, கணிசமாகவே வந்தது. அதே தொகுதியின் அட்டையில் உள்ள பழைய புகைப்படத்தில் பீற் பெஸ்ற்றின் தலை கிழித்தெடுக்கப்பட்டு, அவ்விடத்தில் றிங்கோவின் முகம் தெரியுமாறு அமைக்கப்பட்டிருந்தது. நம் நாட்டிலும் 2004 யூலையில் அன்றைய ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 1983க்காகப் பகிரங்க மன்னிப்புக் கோரினார். பாதிக்கப்பட்டோர் சிலருக்கு நட்டஈடும் வழங்கப்பட்டது. பணம் வந்த இடத்தில் முகமும் திரும்பி வந்ததா என்பதை அவரவரே கூறவேண்டும்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும், அவற்றை விட்டுச் சென்றோர் வாழும் ரொறன்ரோ, லண்டன், மெல்பேர்ண் நகரங்களிலும், அக்காலக் குழுக்களின் புகைப்படங்கள் அலுமாரிகளில் கிடக்கின்றன. முன்வரிசையில் நிற்பவரைப் பலரும் அறிவர். பின்வரிசையில் டிறம்ஸுக்குப் பின்னால் பாதி மறைந்திருப்பவரை அறிந்தோர் இன்று எழுபது, எண்பது வயதினர். நமது ஆசிரிய நண்பர்கள் மாணவரை அவர்களிடம் அனுப்பி, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் அனைவரது பெயரையும், அவர் எவ்வூரார், எந்தக் கருவி வாசித்தார், எந்த ஆண்டில் விலகினார், ஏன் விலகினார் என்பதையும் பென்சிலால் எழுதுவிப்பாராயின், அடுத்த விடுமுறைக்கு அதுவே போதிய வேலையாகும்.